கெக்கோவா ஒருநாள் படகுப் பயணம்: நீந்தத் தெரியாத அம்மாவுக்கு எந்தப் படகு ஏற்றது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஆகஸ்டு இறுதியில் எங்களிடம் வருகிறார்கள். செப்டம்பர் நடுவில் ஒரு வாரம் அவர்களைத் துருக்கியின் தென்மேற்குக் கரைக்கு அழைத்துச் சென்று, காஷ் என்ற சிற்றூரில் தங்குவதாக முடிவு செய்து அறையும் எடுத்துவிட்டோம். அங்கிருந்து காலையில் புறப்பட்டு, வழியில் நான்கைந்து குடாக்களில் நீந்துவதற்கு நிறுத்தி, மதிய உணவும் கொடுத்து, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடும் படகுகள் பல உண்டு என்று தெரிகிறது. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

அம்மாவுக்கு வயது 61. நீச்சல் தெரியாது. ராமேசுவரத்திலும் திருச்செந்தூரிலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் முழுக்குப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் ஓரடிகூடக் கடலுக்குள் போனதில்லை. ஆனால் சென்ற மாதம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, “கடலுக்குள்ள மிதக்கிறது எப்படித்தான் இருக்கும், ஒரு தடவ பாத்துறணும்” என்றார். தனக்காக எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அவர் வாய்விட்டுச் சொன்ன ஆசை என்பதால், இதை எப்படியாவது நிறைவேற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அவருக்குப் பேருந்தில் மலைப்பாதை ஏறினாலே குமட்டல் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவுக்கு 66. ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவர்; மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வார். என் மகளுக்கு ஏழு வயது, நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். கணவரும் நானும் நீந்துவோம், ஆனால் ஒருவரைத் தாங்கிக்கொண்டு நீந்தும் அளவுக்குத் திறமை கிடையாது.

இந்த ஐந்து பேருக்கும் ஒத்துவரும் படகு எது? கெக்கோவா என்னும் இடத்தில் நீரில் மூழ்கிய ஊர் ஒன்று இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். காஷிலிருந்து அவ்வளவு தூரம் போவது அம்மாவுக்குச் சரிப்படுமா? நீந்தத் தெரியாதவர் அந்தப் படகுகளில் நீரில் இறங்குவது நடக்கக்கூடிய காரியம்தானா? நேரில் போய் வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாய்மரம் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அந்தக் கரையில் மூன்று முறை தங்கியிருக்கிறேன். கெக்கோவாவுக்கு இரண்டு வழிகளிலும் போயிருக்கிறேன். உங்கள் குடும்பத்துக்கு என் விடை உறுதியானது: கெக்கோவாவுக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் காஷிலிருந்து படகேறாதீர்கள். ஊச்சாவஸ் என்ற மீனவச் சிற்றூர் வரை சாலை வழியாகப் போய், அங்கே படகேறுங்கள்.

காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன். கெக்கோவா, காஷுக்குக் கிழக்கே இருக்கிறது. காஷிலிருந்து புறப்படும் பெரிய மரப்படகு அங்கே போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி தீவுகளின் மறைப்பில்லாத திறந்த கடல். காலையில் கடல் கண்ணாடிபோல் கிடக்கும், போகும்போது யாருக்கும் ஒன்றும் ஆகாது. கோடைக்காலத்தில் அந்தக் கரையில் நண்பகலுக்குப் பிறகு மேற்கிலிருந்து காற்று எழுவது வழக்கம். மாலையில் நீங்கள் மேற்கு நோக்கித்தான் திரும்ப வேண்டும். ஆகவே நாள் முழுவதும் வெயிலிலும் உப்புநீரிலும் களைத்த உடம்போடு, வயிற்றில் மதிய உணவோடு, எதிர்காற்றிலும் எதிரலையிலும் படகு முன்னே தூக்கித் தூக்கிப் போட இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மலைப்பாதைக்கே குமட்டும் ஒருவருக்கு அந்த இரண்டு மணி நேரம் போதும், காலையில் பார்த்த அத்தனை அழகும் மறந்துபோகும். என்னுடன் வந்த நண்பர் ஒருவருக்கு அதுதான் நேர்ந்தது. கரையேறியும் அவரால் இரவு உணவின் பக்கம் திரும்ப முடியவில்லை.

ஊச்சாவஸில் படகேறினால் நிலைமையே வேறு. எதிரே கெக்கோவாத் தீவு நீளவாக்கில் படுத்துக்கொண்டு திறந்த கடலைத் தடுத்து நிற்கிறது. தீவுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட நீர் ஓர் ஏரியைப்போல் அடங்கியிருக்கும். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே மூழ்கிய ஊரின் கரையோரம் வந்துவிடுவீர்கள். காஷிலிருந்து ஊச்சாவஸுக்குச் சாலை வழியாக முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். மலைவளைவுகள் உண்டு என்பதால் அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். காஷ் துறையில் விற்கப்படும் ‘கெக்கோவாப் பயணம்’ எல்லாம் ஒரே மாதிரி அல்ல. சில, காஷ் துறையிலிருந்தே படகில் போவன; சில, வேனில் ஊச்சாவஸ் வரை கொண்டுபோய் அங்கே படகேற்றுவன. சீட்டு வாங்கும் முன் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பேர் இருப்பதால், ஊச்சாவஸில் சிறிய படகு ஒன்றை உங்களுக்கென்றே அரைநாளோ முழுநாளோ பேசிக்கொள்வதுதான் என் பார்வையில் மிகச் சிறந்தது. பெரிய படகில் ஐம்பது அறுபது பேர் ஒரே ஏணியில் ஏறி இறங்குவார்கள். அந்த நெருக்கடியில் நீந்தத் தெரியாத ஒருவர் நிதானமாக நீரில் கால்வைக்க முடியாது. ஒரு முறை நான் ஏறிய பெரிய படகில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருபது நிமிடம் ஆவதற்குள் ஊதல் ஊதி ஆட்களை மேலேற்றினார்கள். உங்கள் அம்மாவுக்குத் தேவை அவசரப்படுத்தாத ஒரு படகோட்டி.

காஷிலிருந்து கடல்வழியாகப் போகாவிட்டால் ஒன்றை மட்டும் இழப்பீர்கள்: வழியில் உலுபுருன் என்னும் முனை வரும். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மூழ்கிய வணிகக் கப்பல் ஒன்றை 1982இல் கடற்பஞ்சு எடுக்கும் மூழ்காளர் ஒருவர் கண்டார். 1984 முதல் 1994 வரை தொல்லியலாளர்கள் ஆண்டுதோறும் மூழ்கி அதை அகழ்ந்தெடுத்தார்கள். பத்து டன் செம்புக் கட்டிகள், ஒரு டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், கருங்காலி, தந்தம் என்று அந்தக் காலத்து உலகமே அதில் இருந்தது. ஆனால் அந்த முனையில் இப்போது கண்ணால் காண ஒன்றுமில்லை. எடுத்த பொருள்கள் போட்ரும் நகரத்துக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆகவே இழப்புப் பெரிதன்று.

மூழ்கிய ஊரைப் பற்றி ஒரு செய்தி. அது கடலடியில் தெருவும் வீடுமாக முழுதாக நிற்கும் நகரம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நேர்ந்த நிலநடுக்கங்களால் தீவின் வடகரை கீழே இறங்கியது. பாறையில் வெட்டிய படிக்கட்டு மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்து, எந்தத் தடையுமின்றி அப்படியே நீருக்குள் போய்க்கொண்டிருக்கும். ஒரு வீட்டின் மூன்று சுவர்கள் கரையில் நிற்கும். நான்காவது சுவரின் அடித்தளம் பச்சை நீருக்கடியில் தெரியும். உடைந்த பானைகளின் கழுத்துகள் மணலில் பதிந்து கிடக்கும். படகு வேகத்தைக் குறைத்து அந்தக் கரையை ஒட்டி ஊர்ந்து செல்லும்போது, மகளை வலப்பக்கமோ இடப்பக்கமோ கரை தெரியும் பக்கத்தில் முன்கூட்டியே உட்கார வைத்துவிடுங்கள். அந்த இடிபாடுகளுக்கு மேல் நீந்துவதும் மூழ்குவதும் தடை செய்யப்பட்டவை. அந்தப் பகுதி 1990 முதல் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. அப்பாவுக்குப் பாய வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அங்கே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீந்துவதற்கென்று படகோட்டி வேறு குடாக்களில் நிறுத்துவார்.

நேரெதிரே காலெக்கோய் என்னும் சிற்றூர். பழைய பெயர் சிமேனா. அங்கே போகக் கார் செல்லும் சாலை கிடையாது. படகிலோ நடந்தோதான் போக வேண்டும். வீடுகளுக்கு இடையே படியேறிக் கோட்டைக்குப் போனால், பாறையிலேயே குடைந்த ஏழு வரிசைகள் கொண்ட மிகச் சிறிய அரங்கம் ஒன்று இருக்கும். ஏற்றம் கொஞ்சம் கடினம். அம்மாவுக்கு முடியாவிட்டால் கரையில் உட்கார்ந்து வீட்டிலேயே செய்த ஐஸ்கிரீம் சாப்பிடலாம். கரையோரம் ஆழமில்லாத நீரில் ஒற்றைக் கல்சவப்பெட்டி ஒன்று நிற்கிறது. பழங்காலத்தில் அந்தக் கரையில் வாழ்ந்த லிசிய மக்கள் தங்கள் இறந்தவர்களை வைத்த பெட்டி அது. அதன் மூடி கவிழ்த்துப்போட்ட தோணியைப்போல் இருக்கும். அதைச் சுற்றிச் சிறு மீன்கள் திரியும்.

ஆலங்கரை எழுதியது:

பாய்மரம் அவர்கள் சொன்னதில் காற்றைப் பற்றிய பகுதி முற்றிலும் சரி. ஆனால் ‘மிதப்பதுதான் நோக்கம்’ என்றால் நான் கெக்கோவாவை முதலிடத்தில் வைக்க மாட்டேன்.

அந்தக் கரை முழுவதும் சுண்ணாம்புப் பாறை. டோரஸ் மலைத்தொடர் நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அதனால் கெக்கோவாப் பகுதிக் குடாக்களில் பெரும்பாலானவற்றில் மணற்கரை கிடையாது. படகு நங்கூரமிடும் இடத்தில் ஏணியிலிருந்து கால் எடுத்தால் கீழே ஆறேழு மீட்டர் நீர். நீந்தத் தெரியாதவருக்கு முதல் தேவை, பயம் வந்தால் காலூன்றுவதற்கு ஓர் அடித்தரை. அது ஃபெத்தியே வளைகுடாவில் கிடைக்கும். ‘பன்னிரண்டு தீவுகள்’ என்ற பெயரில் அங்கே புறப்படும் படகுகள் யாசிஜா என்னும் தட்டையான தீவுக்கூட்டத்தில் நிற்கின்றன. அங்கே மணல்திட்டை ஒட்டி நீர் முழங்காலளவு, இடுப்பளவு என்று மெல்ல மெல்லத்தான் ஆழமாகிறது. நான் என் இரண்டு பிள்ளைகளையும் அங்கேதான் முதன்முதலில் கடலில் விட்டேன். வளைகுடாவுக்குள்ளேயே சுற்றுவதால் அலையும் குறைவு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காஷிலிருந்து ஃபெத்தியே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். காலையில் படகைப் பிடிக்க வேண்டுமானால் முந்தின இரவே அங்கே தங்க வேண்டும். கூட்டமும் அதிகம். பக்கத்திலிருக்கும் ஓலுதெனிஸிலிருந்து பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்குக்குப் போகும் படகுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை திறந்த கடலில் செங்குத்துப் பாறைகளை ஒட்டிச் செல்பவை. பார்க்க மிக அழகு, ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

கொடிமுல்லை எழுதியது:

வைகைக்கரை, உங்கள் கேள்வியைப் படித்ததும் என்னையே கண்டதுபோல் இருந்தது. என் 48ஆம் வயதில், நீச்சல் தெரியாமல், ஊச்சாவஸிலிருந்து புறப்பட்ட சிறிய படகில்தான் நான் முதன்முதலாகக் கடலில் மிதந்தேன். ஆலங்கரை சொல்வது நியாயமான கருத்துதான், ஆனால் என் அனுபவம் வேறு. காலூன்ற இடம் இருந்தால் காலூன்றத்தான் தோன்றும், மிதக்கத் தோன்றாது. ஆழத்தில், உடம்புக்கு அளவான லைஃப் ஜாக்கெட்டோடு, ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோதுதான் தண்ணீர் என்னைத் தாங்குகிறது என்பதை என் உடம்பு ஒப்புக்கொண்டது. இரண்டில் எது அம்மாவுக்கு ஒத்துவரும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

எப்படி இறங்குவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். படகு நின்று இயந்திரம் முழுவதும் அணைந்த பிறகே ஏணிப் பக்கம் போக வேண்டும். அங்கே படகுகள் முன்னே நங்கூரத்தைப் போட்டு, பின்பக்கத்திலிருந்து ஒரு கயிற்றைக் கரைப்பாறையில் கட்டுவது வழக்கம். படகோட்டியின் பையன் கயிற்றுடன் நீந்திப் போய்க் கட்டுவான். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், காத்திருங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் படகிலேயே போட்டு, இடுப்பு வாரையும் கால்களுக்கிடையே வரும் வார் இருந்தால் அதையும் இறுக்கிவிடுங்கள். தளர்வாக இருந்தால் நீரில் அது மேலேறிக் காதை மூடும். அப்போதுதான் பயம் பிடிக்கும். முகத்தைப் படகின் பக்கம் திருப்பி, வீட்டுப் பரணில் ஏணியிறங்குவதுபோல் இறங்கச் சொல்லுங்கள். கழுத்தளவு வந்ததும், ஏணியைப் பிடித்தபடியே, காலைத் தூக்க முயலாமல், ஐந்தாறு முறை மூச்சை இழுத்து விடட்டும். கீழே நீங்களோ உங்கள் கணவரோ முன்னதாக இறங்கி நின்றிருக்க வேண்டும். பிறகு நாற்காலியில் சாய்வதுபோல் பின்னால் சாயச் சொல்லுங்கள். கால்கள் தாமே மேலே வரும்.

அந்தக் கடலில் உப்பு அதிகம். ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 39 கிராம். உலகக் கடல்களின் சராசரி 35. அந்தச் சிறிய வேறுபாடும் மிதப்புக்கு உதவுகிறது. கண்ணில் பட்டால் எரியும் என்பதால் மகளுக்கு நீச்சல் கண்ணாடி அவசியம். நான் கழுத்தைப் பின்னால் சாய்த்தபோது காதுகள் நீருக்குள் போய், படகில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் சட்டென்று நின்றுவிட்டது. என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சை இழுக்கும்போது உடம்பு ஒரு விரற்கடை உயர்வதும் விடும்போது அதே அளவு தாழ்வதும் தெரிந்தது. அவ்வளவு நேரமும் என் வலக்கை ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு விஷயங்கள் அவரை அச்சுறுத்தக்கூடும், முன்பே சொல்லி வையுங்கள். கிழக்கு மத்தியதரைக் கடலில் சத்துப்பொருள் குறைவு, அதனால் மிதவை நுண்ணுயிர்களும் குறைவு. நீர் அவ்வளவு தெளிவாக இருப்பது அதனால்தான். எட்டு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல் ஆறு மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். அந்தத் தெளிவு சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்கு உயரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோன்ற தலைசுற்றல். அப்படியானால் கீழே பார்க்காமல் வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடையிடையே அடியில் கரும்பச்சைத் திட்டுகள் தெரியும்; அவை கடற்புல் வெளிகள், மீன்களின் வீடு; பயப்பட ஏதுமில்லை. அடுத்தது, அந்தப் பகுதிச் சில குடாக்களில் மலைக்குள்ளிருந்து வரும் நன்னீர் ஊற்றுகள் கடலில் கலக்கின்றன. நன்னீர் எடை குறைந்தது என்பதால் மேலே மிதக்கும். நீந்திக்கொண்டே போகும்போது திடீரென்று மேல்நீர் சில்லென்று ஆகும், கண்ணுக்கு நீர் நெளிந்து தெரியும். ஒரு முழம் கீழே காலை நீட்டினால் வெதுவெதுப்பாக இருக்கும். எனக்கு அது என்னவோ ஏதோ என்று நெஞ்சு படபடத்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்ன உடுத்துவது என்ற கூச்சத்தாலேயே நம் அம்மாக்களில் பலர் கரையில் நின்றுவிடுகிறார்கள். துருக்கியில் தலைமுதல் கால்வரை மறைக்கும் நீச்சலுடை சர்வசாதாரணம். ஹாஷேமா என்பார்கள், கடைகளில் தொங்கும். அதை அணிந்த பாட்டிமாரும் பிகினி அணிந்த பெண்களும் ஒரே படகில் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு அதில் ஒன்று வாங்கிக் கொடுங்கள், தலைமறைப்பு வேண்டாமென்றால் விட்டுவிடலாம். பருத்திச் சுடிதார் வேண்டவே வேண்டாம். நீரில் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். பாறையோரம் கடல் முள்ளெலிகள் ஒட்டியிருக்கும் என்பதால் நீரில் போடும் ரப்பர்க் காலணி எல்லோருக்கும் வேண்டும். அதைப் படகில் போட்டு நடக்க விடமாட்டார்கள், ஏறும்போதே செருப்பையெல்லாம் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொடிமுல்லை அவர்கள் எழுதியதை அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஊச்சாவஸ் என்றே முடிவு செய்துவிட்டோம். சிறிய படகைத்தான் பேசப் போகிறோம். இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. அம்மா சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். படகில் என்ன கிடைக்கும்? குமட்டலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு நீரில் இறக்கலாமா? அப்பா, “கெணத்துல நீஞ்சுனவனுக்குக் கடல் எம்மாத்திரம்” என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

பாய்மரம் எழுதியது:

உணவு: வழக்கமாக மீனோ கோழியோ சுட்டுத் தருவார்கள், அதனுடன் மக்ரோனி, தக்காளி வெள்ளரிக்காய்ச் சாலட், ரொட்டி, தர்பூசணி. கத்தரிக்காய், அவரை போன்றவற்றை ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவைத்துப் பரிமாறும் உணவு வகை அங்கே உண்டு, அம்மாவுக்குப் பிடிக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தச் சொல்லால் ஆடு மாடுகளின் இறைச்சியை மட்டுமே குறிப்பவர் பலர், கோழி வந்துவிடும். ‘எத் யோக், தாவுக் யோக், பாலுக் யோக், யுமுர்தா யோக்’ என்று நான்கையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் கூடாது என்று பொருள். முந்தின நாள் படகு பேசும்போதே சொன்னால்தான் பயன். குடிக்கும் பானங்களுக்குப் பெரும்பாலும் தனிக்கட்டணம்; தண்ணீரை நீங்களே நிறைய எடுத்துச் செல்லுங்கள். நீந்தத் தெரியாது என்பதற்கு ‘யூஸ்மே பில்மியோர்’. லைஃப் ஜாக்கெட்டை ‘ஜான் யெலெய்’ என்பார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் அளவானது இருக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள்.

மாத்திரை: பயணக் குமட்டல் மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. அரைத்தூக்கத்தில் இருப்பவரை நீரில் இறக்குவது சரியன்று. மற்ற மருந்துகள் எடுத்துக்கொள்கிறவராக இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். ஊச்சாவஸ் நீரில் மாத்திரை தேவைப்படாது என்றே நினைக்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம், படகின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் அமர்ந்து தொலைவில் உள்ள கரையைப் பார்த்துக்கொண்டு வரட்டும். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தால் அவருக்கே தெம்பாக இருக்கும்.

அப்பா: அவருடைய நீச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிணற்றில் பழகியவர்களுக்கு ஆழத்தைக் கண்டு அச்சமில்லை என்பது பெரிய பலம். ஆனால் கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் சிறிது தூரத்திலேயே சுவர் வந்துவிடும். கடலில் கரை அருகில் இருப்பதுபோல் தோன்றும், நீந்த நீந்த அது அங்கேயே இருக்கும்; 66 வயதில் போகும்போது தெரியாத களைப்புத் திரும்பும்போது தெரியும். படகுக்கும் கரைக்கும் இடையிலேயே நீந்தச் சொல்லுங்கள். வெளிப்பக்கத்தில் வேறு படகுகள் வந்துகொண்டிருக்கும், நீரில் இருக்கும் தலை அவர்களுக்கு எளிதில் தெரியாது. தலைகீழாகப் பாய்வதற்கு முன் அடியில் பாறை இல்லை என்று படகோட்டி சொல்ல வேண்டும். சாப்பிட்டவுடன் வேண்டாம். இவ்வளவையும் மகளான நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்வார். படகோட்டியையே சொல்ல வையுங்கள், கேட்டுக்கொள்வார்.

வைகைக்கரை எழுதியது:

போய்விட்டு வந்துவிட்டோம். உங்கள் அனைவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். இதே கேள்வியோடு வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஊச்சாவஸில் எட்டுப் பேர் அமரக்கூடிய மரப்படகு கிடைத்தது. நீர் நீங்கள் சொன்னபடியே அடங்கியிருந்தது; அம்மாவுக்கு ஒரு முறைகூடக் குமட்டவில்லை. மூழ்கிய படிக்கட்டுகளைப் பார்த்தபோது, “இதுல ஏறி எறங்குனவங்க எங்க போனாங்களோ” என்றுமட்டும் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். முதல் நிறுத்தத்தில் ஏணிவரை வந்து திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார், நாங்கள் வற்புறுத்தவில்லை. இரண்டாவது நிறுத்தத்தில் தானாகவே ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கினார். கழுத்தளவு நீரில் ஏணியைப் பிடித்துக்கொண்டு ‘முருகா முருகா’ என்று சொல்லியபடி இருந்தவர், சிறிது நேரத்தில் பின்னால் சாய்ந்தார். கால் விரல்கள் நீருக்கு மேலே வந்தன. மெட்டியோடு தெரிந்த தன் கால்களையே பார்த்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு மேல் மிதந்தார். அப்பா நீந்துவதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தார்.

ஒரே சிரமம் மேலே ஏறும்போது வந்தது. அந்தப் படகின் ஏணி சிறியது. கடைசிப் படி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. இறங்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை. ஏறும்போது முழங்காலை நெஞ்சுவரை மடக்கித்தான் படியில் கால்வைக்க முடிந்தது. மூட்டுவலி உள்ள அம்மாவால் அது இயலவில்லை. நனைந்த உடை வேறு கனத்தது. படகோட்டி ஒரு கயிற்றில் வளையம் போட்டு ஏணியின் அடியில் தொங்கவிட்டார். அதில் ஒரு காலை ஊன்றி, கீழிருந்து என் கணவர் தாங்க, இரண்டு மூன்று முயற்சியில் ஏறிவிட்டார். வலி இருந்ததால் மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் குடாதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள், படகு பேசும்போதே ஏணியை நீரில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு மூன்று படிகளாவது நீருக்குள் இருக்க வேண்டும்.